பாட்டிகளும் ஒரு மரப் பெஞ்சும்

2005, ஜிம்பாப்வே. பேருந்துக்குக் காசு இல்லாததால் ஒரு இளம்பெண் சிகிச்சைக்கு வரவே இல்லை. பிறகு தற்கொலைச் செய்திதான் வந்தது.

அவளுடைய மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவால் அதைத் தாங்க முடியவில்லை. நாடு முழுக்கத் தேடினாலும் மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். யாரை அனுப்புவது?

பாட்டிகளை!

2006இல், ஹராரே நகரின் ம்பாரே பகுதியில், 14 பாட்டிகளோடு தொடங்கியது 'நட்பு பெஞ்ச்'.

சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பெஞ்ச். வந்தவரிடம் முதலில் 14 கேள்விகள்: தூக்கம் வருதா, அழுகை வருதா, வாழவே பிடிக்கலையா... அப்புறம் பாட்டி பேசவிட்டுக் கேட்பார். கணவன் அடிக்கிறான், எச்ஐவி, கடன், எல்லாம் வரும். அவற்றில் ஒன்றை மட்டும் வந்தவரே தேர்ந்தெடுப்பார். அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள். அறிவுரை மழை கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

வெறும் ஆறுதலோடு முடிகிற கதையும் இல்லை இது. 24 நிலையங்களில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு; பாட்டிகளிடம் பேசியவர்களில் சுமார் 14 சதவீதம்தான்.

பிறகு நியூயார்க் வரை போனது இந்த பெஞ்ச்.

நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைத் தொடங்க, யார் கையெழுத்துப் போடணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.