டயர் சொல்லும் கோள்

வைத்தியருக்கு நாக்கைக் காட்டுகிறோம். ஜோசியருக்குக் கையைக் காட்டுகிறோம். பாவம், மோட்டார் வண்டிக்கு நாக்கும் இல்லை, கையும் இல்லை. அது தன் சுகதுக்கங்களையெல்லாம் டயரில்தான் எழுதி வைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் சொற்பம்.

எங்கள் வீட்டு ஆம்னி வான் 2010-ஆம் வருஷத்தில் வாங்கியது. அந்த ஜாதி வண்டி 1984-ல் பிறந்து 2019-ல் உற்பத்தி நின்று போயிற்று. ஆகவே எங்கள் வானும் முதியோர் ஜாபிதாவில் சேர்ந்ததுதான். ஆனாலும் வாரம் மூன்று தடவை என் தாயாரை டயாலிஸிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அதனுடையது. இந்நிலையில் பின்புறத்து இடது டயர் மட்டும் அவசர அவசரமாகத் தேய ஆரம்பித்தது.

டயர் கடைக்காரர், "இரண்டு புது டயர் போட்டு, அலைன்மென்ட் பார்த்தால் தீர்ந்தது" என்றார். அடுத்த தெருப் பட்டறைப் பெரியவரோ வண்டியருகில் குந்தி உட்கார்ந்து, டயரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்.

"குற்றம் டயர்மேல் இல்லை, ஸார். அது கோள் சொல்லுகிறது. கோள் சொல்பவனை மாற்றினால் குற்றம் போய்விடுமா?" என்றார்.

பிறகு பாடம் நடந்தது. இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு; நடுப்பாகம் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்திருக்கிறது. ரம்பப் பல்போல் கையில் உறுத்தினால் சக்கரம் நேர் பார்க்கவில்லை. எங்கள் டயரிலோ இவை எதுவுமில்லை. சுற்றிலும் விட்டு விட்டுக் குழிகள். அதாவது, சக்கரம் உருளாமல் குதித்துக் கொண்டிருந்தது!

இந்த வானில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் பூட்டியவை. சாய்வைத் திருத்த அங்கே திருகாணி கிடையாது. ஆகவே அலைன்மென்ட் இயந்திரத்துக்கு அங்கே அதிக வேலையில்லை. பெரியவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டமில்லை, பேரிங் நலம். கையால் சுற்றினார், தடையின்றிச் சுழன்றது, பிரேக் உரசவில்லை. கீழே இறக்கி, பின் மூலையை அழுத்தி விட்டார். வலப்புறம் ஒரு முறை எழும்பி அடங்கிற்று. இடப்புறம் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால், ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது.

பட்டை ஸ்பிரிங்கின் வேலை குலுக்கலைத் தாங்குவது. அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்ஸார்பரின் வேலை. அடக்குவார் இல்லாவிட்டால் சக்கரம் தரையை விட்டுவிட்டுத் தொடும். தொடும்போதெல்லாம் ரப்பர் கொஞ்சம் போகும். "தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் இருந்தும் பிரயோஜனமில்லை, ஸார்" என்றார் பெரியவர். எனக்கு நெஞ்சு திக்கென்றது. டயர் விலை மறந்து போயிற்று. பின் ஆசனத்தில் சாய்ந்து கண் மூடியிருக்கும் தாயாரின் முகந்தான் நினைவுக்கு வந்தது.

முதலில் இரண்டு பக்கத்து ஷாக் அப்ஸார்பர்களையும் மாற்றினோம். அதன் பிறகே புது டயர் வாங்கினோம். குழி விழாத பழைய டயர் ஸ்டெப்னியாயிற்று. பதினாயிரம் கிலோமீட்டர் ஓடியும் புது டயர்கள் இரண்டும் ஒரே சீராகத் தேய்ந்து வருகின்றன.

பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் மாதம் ஒரு முறை, காலையில் வண்டி கிளம்புமுன், காற்றை அளந்துவிட்டு டயரைக் கையால் தடவிப் பார்க்கட்டும். பள்ளத்தினுள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடு ஒன்று உண்டு. தேய்மானம் அதைத் தொட்டால் டயருக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான். அதற்கு முன்னால் அது என்ன சொல்லுகிறதென்று கேட்டுக்கொள்வது நல்லது.