இங்கிலாந்துக்குப் போனவன்

இரத்தக் காட்டேரி ஒன்றைக் கதைத்தலைவனாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்றை நாற்பது ஆண்டுகளாக விரும்பிப் பார்த்து வருகிறேன் என்று சொன்னால், இதை வாசிக்கும் அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். என் பங்குத் தந்தையிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அந்தக் காட்டேரியால் ஞாயிறு திருப்பலிக்குத் தடையேதும் இல்லையே?" என்று கேட்டார். "இல்லை, சாமி. அது வார நாள்களில்தான் வரும்" என்றேன்.

தொடரின் பெயர் 'டார்க் ஷேடோஸ்'. இருண்ட நிழல்கள் என்று பொருள். அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு அரை மணி நேரமாக 1225 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று. இல்லத்தரசிகளுக்காகப் பிற்பகலில் வரும் குடும்பத் தொடர்களை அந்நாட்டில் 'சோப் ஆப்பெரா' என்பார்கள். சோப்புக் கம்பெனிகளின் விளம்பரப் பணத்தில் பிறந்தவை என்பதால் அந்தப் பெயர். அந்த வரிசையில், பேய் மாளிகையையும் சூனியக்காரியையும் சவப்பெட்டியையும் கொண்டு வந்து வைத்தவர் டான் கர்டிஸ் என்னும் தயாரிப்பாளர். இரயிலில் தனியே பயணம் செய்யும் ஓர் இளம்பெண்ணைத் தாம் கனவில் கண்டதாகவும், அதிலிருந்தே கதை பிறந்ததாகவும் அவர் சொல்லி வந்தார்.

கனவில் வந்த பெண்தான் விக்டோரியா விண்டர்ஸ். அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். மெய்ன் மாநிலக் கடற்கரையில், காலின்ஸ்போர்ட் என்னும் கற்பனை ஊரில், காலின்ஸ் குடும்பத்து மாளிகைக்கு வீட்டு ஆசிரியையாக வருகிறாள். அந்தக் குடும்பத்துக்கு மீன்பிடிப் படகுகளும் மீன் பதனிடும் ஆலையும் சொந்தம். மாளிகைக்கு அருகே செங்குத்தான ஒரு பாறை முகடு. அதற்குக் கைம்பெண்கள் குன்று என்று பெயர். கடலுக்குப் போன கணவன்மார் திரும்பாமற் போக, அங்கே நின்று காத்திருந்த பெண்களின் அழுகுரல் இன்றும் காற்றில் கேட்கும் என்பார்கள் ஊரார். நான் குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவள். புயல் நாள்களில் கரையில் நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அட்டைப் பாறையைத் திரையில் முதன்முறை கண்டபோது சிரிப்பு வரவில்லை.

1984-இல் செவிலியர் பணிக்காக நியூ ஜெர்சிக்கு வந்தேன். அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் கைம்பெண் ஒருவரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இந்தப் பழைய தொடரை மறுபடியும் ஒளிபரப்பி வந்தது. தம் பிள்ளைகள் பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு இதற்காகவே ஓடி வருவார்கள் என்றும், தாம் அடுக்களை வாசலில் நின்று, பிடிக்காதவரைப்போலப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அந்த அம்மையார் சொன்னார். இம்முறை அவர் வெளிப்படையாகவே சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்த்தார். இரவுப் பணி இல்லாத நாள்களில் நானும் உடன் அமர்ந்தேன்.

தொடரின் முதல் 200-க்கும் மேற்பட்ட பகுதிகள் மறு ஒளிபரப்பில் வரவில்லை. பர்னபாஸ் காலின்ஸ் சவப்பெட்டியிலிருந்து எழும் இடத்திலிருந்தே தொடங்கினார்கள். அது 1967 ஏப்ரலில் ஒளிபரப்பான பகுதி. நகைகளைத் திருடும் ஆசையில் ஒருவன் குடும்பக் கல்லறை மண்டபத்துக்குள் புகுந்து, சங்கிலிகளால் பிணைக்கப்பட்ட பெட்டியைத் திறக்கிறான். உள்ளிருந்து ஒரு கை எழுந்து அவன் கழுத்தைப் பற்றுகிறது. அடுத்த நாள் மாலை, ஓநாய்த் தலைப் பிடியுள்ள கைத்தடியுடன் கண்ணியமான ஒருவர் மாளிகைக் கதவைத் தட்டி, "நான் இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் உங்கள் உறவினன்" என்கிறார். முன் கூடத்தில் தொங்கும் முன்னோரின் ஓவியத்தில் இருப்பதும் அதே முகம். 'இங்கிலாந்திலிருந்து' என்ற அந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் திருத்தூதர் பணிகள் நூலில் புனித பவுலுடன் பயணம் செய்த பர்னபாவின் பெயர்தான் அவருக்கும். ஊக்கமூட்டுபவர் என்று பொருள்படும் பெயர். அதை ஏன் ஒரு காட்டேரிக்கு வைத்தார்களோ! அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜோனதன் ஃப்ரிட் கனடா நாட்டவர். இலண்டனிலும் யேல் பல்கலைக்கழகத்திலும் நாடகம் பயின்றவர். சில வாரங்களுக்கென்றே அவரை அழைத்தார்கள். கடிதங்கள் குவிந்தன, காட்டேரி நிலைத்துவிட்டார்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. நாள்தோறும் ஒரு பகுதி. ஒளிப்பதிவு நாடாவை வெட்டி ஒட்ட அந்நாளில் செலவு மிகுதி. ஆகவே நடந்தது நடந்தபடியே போய்விடும். ஒலிவாங்கியின் நிழல் சுவரில் விழும். கல்லறைக் கல் ஆடும். ஃப்ரிட் வசனத்தை மறந்து, திரைக்கு வெளியே எழுதிக் காட்டுவதைக் கண்களால் தேடுவார். ஆனால் அந்தத் தேடலே, தன்னையே வெறுக்கும் ஒருவனின் தவிப்பாகத் திரையில் தெரிந்தது. பிற்காலக் கதைகளில் சில எனக்கு உவப்பில்லை. 1897-ஆம் ஆண்டுக்குப் போய், ஆஸ்கார் வைல்டின் டோரியன் கிரே கதையை இரவல் வாங்கி, ஓநாய் மனிதன் க்வென்டினுக்கு ஒரு மாய ஓவியம் அமைத்தது மட்டும் சுவையானது. விக்டோரியாவின் பெற்றோர் யார் என்ற கேள்விக்கு, அவளை வைத்துத் தொடங்கிய தொடர் கடைசிவரை விடையே சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாகியும் இதில் எனக்குக் கோபம் தணியவில்லை.

தொடரின் உச்சம் எதுவென்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். 1967 நவம்பரில் தொடங்கிய 1795-ஆம் ஆண்டுக் கதை. ஆவிகளை அழைக்க மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கையில் விக்டோரியா மறைந்து, 1795-ஆம் ஆண்டில் போய் விழுகிறாள். அங்கே பர்னபாஸ் நல்லவன். ஜோசெட் என்னும் பெண்ணை மணக்கவிருக்கும் இளைஞன். முன்பு அவன் விளையாட்டாகக் காதலித்துக் கைவிட்ட பணிப்பெண் ஏஞ்சலிக் சூனியம் கற்றவள்; அவளது சாபத்தால் காட்டேரியாகிறான். ஜோசெட் கைம்பெண்கள் குன்றிலிருந்து குதித்து மாய்கிறாள். சிறுமியான தங்கை சாராவும் இறந்துபோகிறாள்.

இக்கதையில் டிராஸ்க் என்றொரு போதகர் வருகிறார். விவிலியத்தைக் கையிலேந்தி, குற்றமற்ற விக்டோரியாவைச் சூனியக்காரி என்று கூண்டில் ஏற்றுகிறார். (சேலம் நகரில் சூனியக்காரர் என்று பலரைத் தூக்கிலிட்டது 1692-இல். நூறாண்டு கழித்து இப்படியொரு வழக்கு நடந்ததாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.) பின்னர் பர்னபாஸ் அவரை நிலவறையில் கட்டிப்போட்டு, செங்கல் செங்கலாகச் சுவர் எழுப்பிப் புதைத்துவிடுகிறான். வீட்டுக்கார அம்மையார் கை தட்டினார். நானும் தட்டினேன். படுக்கைக்குப் போன பிறகுதான், உயிரோடு ஒருவரைப் புதைத்ததற்கு அல்லவா கை தட்டினோம் என்று உறைத்தது.

ஆனால் என்னை உலுக்கியது டிராஸ்க் அன்று. பர்னபாஸின் தந்தை ஜோஷுவா காலின்ஸ். லூயிஸ் எட்மண்ட்ஸ் நடித்தார். இறுகிய உதடுகள், குடும்பப் பெயரைத் தவிர வேறொன்றையும் நேசிக்காதவர்போன்ற தோற்றம். மகன் இறந்ததும் அவர் கண்ணீர் விடவில்லை. கொள்ளைநோய் என்ற பேச்சு எழுந்தால் கப்பல் பட்டறைக்கு ஆள்கள் வரமாட்டார்கள் என்று கருதி, "பர்னபாஸ் இங்கிலாந்துக்குப் போய்விட்டான்" என்று ஊருக்கு அறிவிக்கிறார். பிறகு, மகன் இறந்தும் இறவாதவனாக உலவுவதை அவரே கண்டுகொள்கிறார். தாய் நயோமியும் உண்மை அறிந்ததும் நஞ்சருந்தி மடிகிறாள். "என்னை அழித்துவிடுங்கள், அப்பா" என்று மகன் மன்றாடுகிறான். ஜோஷுவா ஒப்புக்கொள்கிறார். விடிகிறது. பெட்டியின் முன் நிற்கிறார். அவரால் முடியவில்லை. மூடியின் உட்புறத்தில் ஒரு சிலுவையைப் பொருத்தச் செய்து, பெட்டியைச் சங்கிலிகளால் பூட்டிவிடுகிறார். ஏறத்தாழ 170 ஆண்டுகள் அந்தச் சங்கிலி கிடக்கிறது. குடும்ப வரலாற்றிலோ, பர்னபாஸ் இங்கிலாந்தில் வாழ்ந்து மறைந்தான் என்றே எழுதப்படுகிறது. திருட வந்தவன் எழுப்பிவிட்ட பர்னபாஸ் 1967-இல் சொன்னது, தந்தை கட்டிய அதே பொய்யைத்தான்.

அன்று நான் அழுததைக் கண்டு வீட்டுக்கார அம்மையார் தொலைக்காட்சியை அணைத்தார். "என்னம்மா?" என்றார். "என் அண்ணன்" என்றேன்.

"பம்பாயில் வேலை பார்க்கும் அண்ணனா? ஏதாவது செய்தி வந்ததா?"

என் அண்ணன் பம்பாய்க்குப் போனதே இல்லை. இருபத்திரண்டாம் வயதில் அவருக்கு மனநோய் கண்டது. இரவில் எழுந்து கடலை நோக்கிப் பேசுவார். ஒருமுறை படகு ஒன்றுக்குத் தீ வைக்க முயன்றார். அப்பா ஊரில் மதிக்கப்பட்டவர். கோயில் திருவிழாவில் அவர் இல்லாமல் தேர் நகராது. எனக்கு அடுத்து இரண்டு தங்கைகள் வேறு. 1976-இல் தென்னந்தோப்பிலிருந்த பழைய வலைக்கொட்டகையில் அண்ணனை வைத்துப் பூட்டினார். "மூத்தவன் பம்பாயில் இருக்கிறான்" என்று ஊருக்குச் சொன்னார். ஊர் நம்பியதா என்பது வேறு. எதிர்த்துக் கேட்டவர் இல்லை. நாங்களும் அதையே சொன்னோம். செவிலியர் கல்லூரித் தோழிகளிடம் சொன்னேன். கடல் தாண்டி வந்தும், கேட்க ஆளில்லாத ஊரில், இந்த அம்மையாரிடமும் அதே பொய்யைச் சொல்லியிருந்தேன்.

அப்பாவைக் கொடியவர் என்று இன்றும் சொல்ல மாட்டேன். பூட்டின் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். இரவுச் சோற்றை அம்மாவைக்கூட எடுத்துப் போக விடாமல் தாமே கொண்டுபோவார். அண்ணன் உண்டு முடிக்கும்வரை கொட்டகை வாசலில் அமர்ந்திருப்பார். எத்தனை நாள் அப்படி அமர்ந்தே விடிந்திருக்கிறது! ஜோஷுவாவின் முகத்தில் நான் பார்த்தது அந்த முகத்தைத்தான். கொல்லவும் மனமில்லை, வெளியே விடவும் துணிவில்லை, எஞ்சியது பூட்டு.

எல்லாவற்றையும் அம்மையாரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ செவிலியாயிற்றே" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் பொறுக்க முடியாததாக இருந்தது. நோயாளிகளுக்கு நாள்தோறும் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் கை, பத்தாண்டுகளாக வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அண்ணன் பெயரை ஒருமுறையும் எழுதவில்லை. அன்றிரவே அப்பாவுக்கு எழுதினேன். இந்நோய்க்கு மருந்து உண்டு, நாகர்கோவிலில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், செலவு என்னுடையது என்றெல்லாம் எழுதினேன். குற்றம் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு ஏது?

பதில் வரவில்லை. தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் அதை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். முன்பு ஒரு கதையில், பர்னபாஸ் மேகி எவன்ஸ் என்னும் பெண்ணைக் கடத்தி, அடைத்து வைத்து, ஜோசெட்டாக மாற்ற முயன்று கொடுமை செய்திருந்தான். அவள் தப்பிய பின், மருத்துவர் ஜூலியா ஹாஃப்மன் அவள் மனத்தை வசப்படுத்தி அந்த நினைவையே அழித்துவிட்டாள். கிரேசன் ஹால் நடித்த ஜூலியா, இத்தொடரின் மிகச் சிறந்த பாத்திரம். அவள் மேல் எனக்கு அன்பு உண்டு. ஆனால் அந்தச் செயலை மன்னிக்க முடியவில்லை. மேகி மறந்துவிட்டதால், பர்னபாஸ் அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. பின்னாளில் இருவரும் நண்பர்களாகச் சிரித்துப் பேசுகிறார்கள். அவன் நல்லவனாகிறான், பிறருக்காகத் துன்பம் ஏற்கிறான், எல்லாம் சரி. செய்ததை வாய்விட்டு அவளிடம் சொல்வது மட்டும் கடைசிவரை நடக்கவில்லை. நோய் தீர வேண்டும் என்று மருந்தைத் தேடுகிறான், ஒப்புரவைத் தேடவில்லை.

2012-இல் டிம் பர்ட்டன் இக்கதையைத் திரைப்படமாக்கினார். ஜோனதன் ஃப்ரிட் அதில் ஒரு கணம் தோன்றுகிறார். படம் திரைக்கு வருமுன் அந்த ஏப்ரலில் காலமானார். படத்தில் பர்னபாஸைச் சங்கிலியில் பிணைத்துப் புதைப்பவர்கள் சூனியக்காரியும் அவள் திரட்டிய ஊர்க்கூட்டமும். பூட்டியது தந்தை என்பதை எடுத்துவிட்டார்கள். எதிரி பூட்டினால் அதில் என்ன இருக்கிறது? பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாவின் பதில் நான்கு மாதம் கழித்து வந்தது. நீல நிற உள்நாட்டுத் தாளில் எழுதி, அதைக் கிழித்துவிட்டு, விமானத் தாளில் மீண்டும் எழுதியிருந்தார் என்று தங்கை பின்னர் சொன்னாள். தேங்காய் விலை, மழை, கோயில் கூரை வேலை என்று ஒரு பக்கம் நிறைந்திருந்தது. என் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓரத்தில், மடிப்புக்குக் கீழே, சிறிய எழுத்தில் இருந்தது: "அண்ணனுக்கு இரண்டு மாதமாக மருந்து கொடுக்கிறோம். நேற்று முன்திண்ணையில் உட்கார்ந்து வலை பழுது பார்த்தான். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள்."