இல்லாதவருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்டா?

துணையை இழந்தபின் தனியாக ஒரு கப்பல் பயணம் போய்வர நினைப்பவர்களுக்கு முதல் அடி, கட்டணப் பட்டியலிலேயே விழும். சொகுசுக் கப்பல்களில் கேபின் கட்டணத்தை இருவருக்கென்றே கணக்கிடுகிறார்கள். ஒருவர் மட்டும் போனாலும், பெரும்பாலும் இன்னொருவருக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். இல்லாதவருக்கும் டிக்கெட்!

2010-ல் பயணத்தைத் தொடங்கிய 'நார்வீஜியன் எபிக்' கப்பலில், தனியாக வருபவர்களுக்கென்றே 128 அறைகள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. ஜன்னல் உண்டு, ஆனால் கடல் தெரியாது, காரிடார்தான் தெரியும்! அந்த அறைக்காரர்களுக்கு மட்டும் ஒரு பொது ஹால். அங்கே காபி குடித்தபடி பேசலாம், இரவுச் சாப்பாட்டுக்குக் கூட்டும் சேரலாம். தனியாகச் சாப்பிட்டுப் பழகாதவர்களுக்கு அது பெரிய விஷயம்.

சில சமயம் இருவர் கேபினே மலிவாக அமையும். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு புக் செய்யுங்கள். கடல் பார்க்க மேல்தளம் இருக்கிறது. அங்கே நாற்காலிக்கு ஜோடிக் கணக்கு கிடையாது.