கோடு தாண்டாத பேய்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

இந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள்: அக்டோபர் 31, வியாழக்கிழமை. எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய செய்தி உலகத்தில் இல்லை. முறுக்கும் வேண்டும், மூஞ்சியில் சாயமும் வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசி வழி கண்டார்கள். 26ஆம் தேதி சனிக்கிழமை மாலை பேய் விருந்து. வியாழனன்று வழக்கம்போல் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு.

சாப்பாடு ஏழாவது மாடி, அலங்காரம் ஒன்பதாவது மாடி. "கேம்ஸ் மட்டும் நீங்க பாத்துக்குங்க டீச்சர். ஒங்களுக்குத்தான் பிள்ளைங்க அடங்குவாங்க" என்று எதிர்வீட்டு அம்மா என் தலையில் கட்டிவிட்டார். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை அடக்கிச் சம்பளம் வாங்கியவள் ஓய்வுபெற்ற பிறகும் அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. வரப்போகிறவர்கள் ஐந்து வயது முதல் பன்னிரண்டு வரை. தமிழ், சீன, மலாய்ப் பிள்ளைகள் எல்லாரும்.

அக்டோபர் 8, செவ்வாய்

பேத்தி கைப்பேசியில் எடுத்துக் கொடுத்த பட்டியலில் முதல் விளையாட்டு, தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆப்பிளைக் கை படாமல் வாயால் கவ்வுவது. இது அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்து அறுவடைக் கால விளையாட்டு. அங்கே இன்னொன்றும் இருந்தது. கயிற்றில் தொங்கும் குச்சியின் ஒரு முனையில் ஆப்பிள், மறு முனையில் எரியும் மெழுகுவத்தி. குச்சியைச் சுழற்றிவிடுவார்கள், கவ்வத் தெரியாதவன் மூக்கு சுடும். டேனியல் மக்லீஸ் என்ற ஐரிஷ் ஓவியர் 1833இல் இந்த ஆப்பிள் இரவையே பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். அன்றைக்கு இவை குழந்தை விளையாட்டு மட்டும் அல்ல. யாருக்கு யார் வாய்ப்பார் என்று வயசுப் பிள்ளைகள் குறி பார்த்த விளையாட்டுகளும்கூட.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மக்கள் கப்பலேறி அமெரிக்கா போனபோது இவையும் கூடவே போயின. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அங்கே பரங்கிக்காய் கிடைத்தது. 1930களின் பொருளாதார மந்த காலத்தில் ஹாலோவீன் இரவில் பையன்கள் செய்த அட்டகாசம் தாங்காமல், ஊர்ச் சங்கங்கள் விருந்தும் விளையாட்டும் வைத்து அவர்களைக் கூடத்துக்குள் இழுத்தன. ஆக, இந்த விளையாட்டுகளைப் பிள்ளைகள் பக்கம் தள்ளியதில் பெரியவர்களின் தலைவலிக்கும் பங்கு உண்டு. கேட்க ஆறுதலாக இருக்கிறது.

தொட்டி விளையாட்டை அடித்துவிட்டேன். ஒரே தண்ணீரில் இருபது வாய்! கை, கால், வாய்ப்புண் காய்ச்சல் மழலைப் பள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வரும் நாட்டில் இது ஆகாது. ஆனால் தொங்கவிடும் யோசனையை வைத்துக்கொள்ளலாம். ரப்பர்த் தோட்டத்து விளையாட்டுப் போட்டிகளில் பன்னை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கடிக்கச் சொல்வோமே, அதேதான். தீபாவளி மாதத்தில் பன் எதற்கு? முறுக்குக்கு ஓட்டை இயற்கையாகவே இருக்கிறது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. காலையில் பேத்தியோடு ஜாலான் துன் சம்பந்தன் வழியாகப் போனேன். ஒரு கடை வாசலில் உடைத்த வெண்பூசணியின் வயிற்றில் குங்குமம் சிவந்து கிடந்தது. பேத்தி நின்றுவிட்டாள். "பாட்டி, இவங்களும் ஹாலோவீன் கொண்டாடுறாங்களா?"

சிரித்தாலும் கேள்வி சரியான கேள்விதான். தமிழ்நாட்டில் புது வீடு எழும்பும் இடங்களில் பூசணிக்காயில் பல்லும் மீசையும் உருண்டைக் கண்ணுமாக அரக்கன் முகம் வரைந்து திருஷ்டிக்குத் தொங்கவிடுகிறார்கள். கெட்டதை விரட்ட அதைவிடக் கோரமான முகம் ஒன்றை வாசலில் நிறுத்தும் யோசனை ஐரிஷ்காரனுக்கும் தோன்றியது, நமக்கும் தோன்றியது. வித்தியாசம், அவன் குடைந்தான், நாம் வரைகிறோம். சின்னப் பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்க வேண்டாம் என்பதால் நம் முறையே நல்லது. ஆளுக்கொரு மார்க்கர், குழுவுக்கொரு பூசணி, பத்து நிமிடம். பயங்கர முகத்துக்கு ஒரு பரிசு, சிரிப்பு வரும் முகத்துக்கு ஒரு பரிசு. மறுநாள் தோலைச் சீவிவிட்டால் கூட்டு வைக்கலாம். குடைந்த பரங்கிக்காய் இந்த ஊர் வெக்கையில் விரைவில் கெட்டுவிடும்.

அக்டோபர் 20, ஞாயிறு

கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் போனேன். ஜாலான் தெங்கு கிளானாவில் தோள் இடிபடாமல் நடக்க முடியவில்லை. ஒரு பக்கம் ஜவுளி, ஒரு பக்கம் பலகாரம், நடுவில் பட்டாசுக்கு அடம்பிடிக்கும் பிள்ளைகள். வேண்டியதை வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பேய் விளையாட்டு என்றதும் அண்ணன் நினைவில் பழைய தோட்டத்துக்குப் போய்விட்டார். லயத்து வீடுகள், விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிப் பால்மரம் வெட்டப் போனவர்கள், முனியாண்டி கோயிலைத் தாண்டி ராத்திரியில் போகக்கூடாது என்ற உத்தரவு. சோறு இறங்காத பிள்ளைக்குப் பூச்சாண்டி. பூச்சாண்டி எங்கே இருக்கிறான், எப்போது வருவான், என்ன செய்வான், எப்போது போவான் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்லாததுதான் அதன் பலம். 2022இல் வெளியான நம் மலேசியக் கலைஞர்களின் பேய்ப் படத்துக்குப் 'பூச்சாண்டி' என்று பெயர் வைத்தபோது, கதை கேட்காமலே பாதிப் பேருக்கு வயிறு கலங்கியிருக்கும்.

"ஆனா பெரட்டுக் களத்துல ஹந்து காலா ஆடினோமே, அந்தப் பேய்க்கு யாரு பயந்தா?" என்றார் அண்ணன்.

அந்தக் கேள்வியோடுதான் ரயில் ஏறினேன். ஹந்து காலாவைக் காலா பாஞ்சாங் என்றும் சொல்வார்கள். தரையில் குறுக்குக் கோடுகள், நடுவே நெடுக ஒரு கோடு. கோட்டுக்கு ஓர் ஆள் காவல். எதிரணி எல்லாக் கோடுகளையும் தாண்டிக் கடைசிவரை போய்த் திரும்ப வேண்டும். யாராவது தொடப்பட்டால் அணி மாறும். யாழ்ப்பாணத்தார் கிளித்தட்டு என்பது ஏறக்குறைய இதுவே. காவல்காரன் எவ்வளவு பெரிய பேயாக இருந்தாலும் தன் கோட்டை விட்டு ஓரடி வரக்கூடாது. பூச்சாண்டிக்குக் கோடு கிடையாது. ஹந்து காலாவின் பேய்க்குக் கோடு உண்டு. ஒன்றுக்குப் பிள்ளை அழுகிறது. மற்றதற்கு இன்னும் ஒரு ஆட்டம் என்று கெஞ்சுகிறது.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு விளையாட்டையும் இனி இந்தக் கண்ணால்தான் பார்க்கப்போகிறேன். இதில் பேயின் கோடு எது?

அக்டோபர் 23, புதன்

இன்று தொட்டுப் பயப்படும் பெட்டிக்கு ஒத்திகை. மூடிய அட்டைப்பெட்டியில் கை நுழையும் ஓட்டை, உள்ளே கிண்ணங்கள். டின் லோங்கான் பழம் கண்முழி. வேகவைத்த லக்சா மீ குடல். சீனக் கடையில் வாங்கி ஊறவைத்த கறுப்புக் காளான் காது. அகார் அகார் நாக்கு. சோளமுத்து பல். எல்லாம் சாப்பிடுகிற பொருள், வாயில் போனாலும் ஒன்றும் ஆகாது.

தொட்டே அறிபவரிடம் முதலில் சோதிக்கலாம் என்று தோன்றியது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இயங்கி வருகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் அதன் இருப்பிடம். பார்வையற்றவர்கள் பலர் இங்கே குடியிருக்கிறார்கள். உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் நடத்துகிறார்கள். அப்படி ஒருவர் எங்கள் கீழ் மாடியில் இருக்கிறார். அவரிடம் பெட்டியை நீட்டினேன். கையை விட்டார். "மீ. லோங்கான், அதுவும் டின்னு. இது காளான். சோளம் இன்னும் வேகணும் டீச்சர்." முடிந்தது என் பயங்கரம்.

பிறகு அவரே வழியும் சொன்னார். "கைய விட்டப்புறம் பயம் வந்தா லேட்டு. விடறதுக்கு முன்னாடி வந்துடணும். அதுக்குக் கதை வேணும்." சனிக்கிழமை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லச் சம்மதித்துவிட்டார். கோடும் கிடைத்தது: கதை முடிந்ததும் மூடியைத் திறந்து காட்டிவிட வேண்டும். என்ன தொட்டோம் என்று தெரியாமல் எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போகக்கூடாது.

அக்டோபர் 25, வெள்ளி

அழைப்பில் ஹாலோவீன் என்று போடவில்லை. அதைக் கொண்டாடுவது முஸ்லிம்களுக்குப் பொருந்தாது என்று சமய அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். மலாய்க் குடும்பங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். 'இருட்டு விளையாட்டு மாலை' என்று போட்டோம். சிலர் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். வராதவர்களுக்குப் பலகாரம் வீட்டுக்குப் போகும். மிட்டாய் வாங்கும்போது ஹலால் முத்திரை பார்த்தேன். கம்மி மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும். பன்றியிலிருந்தும் எடுப்பார்கள், மாட்டிலிருந்தும் எடுப்பார்கள். சைவப் பிள்ளைகளுக்கு இரண்டுமே ஆகாது என்பதால் அவர்களுக்குத் தனியாகக் கடலை மிட்டாய்.

ஆறாவது மாடிப் பெண் பொந்தியானாக்காக வருகிறாளாம்: விரித்த கூந்தல், வெள்ளை அங்கி. இந்த ஊர்ப் பேய்க்குத் திரையில் உருவம் கொடுத்ததிலேயே ஓர் இந்தியக் கை இருக்கிறது. 1957இல் கேத்தே கெரிஸ் எடுத்த 'பொந்தியானாக்' படத்தில் மரியா மெனாடோவை நடிக்கவைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. என். ராவ். அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி அந்த வேடத்தைக் கேட்டு யோசித்தார். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதமாக இருந்தால் விடமாட்டாராம். பசித்த ஆவிகள் உலவும் மாதம். அது செப்டம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டதால் அனுமதி கிடைத்தது.

அக்டோபர் 26, சனி

ஐந்து மணிக்கு வானம் பிளந்தது. அக்டோபர் மாலையில் கோலாலம்பூர் வேறு என்ன செய்யும்? பூப்பந்துத் திடல் குளமானதும் பொது மண்டபத்துக்கு மாறினோம். தரையில் ஒட்டுநாடாவால் கோடு போட்டோம். இடிச் சத்தத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை.

தொடங்குமுன் ஒரே விதி சொன்னேன். யாருக்குப் போதும் என்று தோன்றுகிறதோ அவர்கள் விரலை உயர்த்தி "ச்சுப்!" என்று சொல்ல வேண்டும். அந்தக் கணமே பேய் நிற்க வேண்டும், சிரிக்கக் கூடாது. இந்த நாட்டில் ஓடிப்பிடித்து விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

முறுக்கு விளையாட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. குட்டைப் பிள்ளைக்கு நூல் நீளம், நெட்டைக்குக் கட்டை. மம்மி சுற்றும் போட்டிக்குக் கழிப்பறைத் தாள் என்றிருந்தது பட்டியலில். இந்தப் புழுக்கத்தில் அது வேர்வையோடு ஒட்டிக் கிழியும். பழைய புடவைகள் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஆறு கெஜம் சுற்றினால் எந்த எகிப்து மன்னனுக்கும் குறைவில்லை. முகத்தில் சுற்றக் கூடாது, சுற்றியபடி நடக்கக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. ஒரு பையன் பாட்டியின் காஞ்சிப் பட்டைக் கொண்டுவர, பாட்டி பின்னாலேயே ஓடிவந்து மீட்டுக்கொண்டு போனார்.

பெட்டிக்குப் பக்கத்தில் கதை. கீழ் மாடிக்காரர் குரலைத் தாழ்த்தத் தாழ்த்தப் பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். பூட்டிய கடை, உள்ளே தனக்குத்தானே உருவிக்கொள்ளும் கை, காலையில் வந்து பார்த்தால் கட்டிலின்மேல் ஒரு காது. காளானைத் தொட்ட பெரிய பையன் அலறிய அலறலில் காவலாளி எட்டிப்பார்த்தார். ஐந்து வயசுச் சிறுமி ஒருத்தி கையை ஓட்டைவரை கொண்டுபோய் "ச்சுப்" என்றாள். அவர் கதையை அப்படியே நிறுத்தினார். மூடியைத் திறந்து காட்டினோம். பார்த்தாள். பிறகு மூடச் சொல்லிவிட்டுக் கையை விட்டாள்.

கடைசியில் விளக்கணைத்து ஹந்து காலா. கோட்டுக் காவலர் கையில் கைவிளக்கு. பொந்தியானாக்கும் புடவையை அவிழ்த்த மம்மியும் அடுத்தடுத்த கோட்டில் நின்று வழிமறித்தார்கள்.

அக்டோபர் 27, ஞாயிறு

யோசித்துப் பார்க்கிறேன். நேற்று தப்பி ஓட ஆள் கிடைத்தது, பேயாக நிற்கத்தான் அடிதடி. நேரம் வைத்து மாற்றிவிட வேண்டியிருந்தது. அதிகம் பயந்த பிள்ளைகளே முதலில் பேயாகக் கேட்டார்கள். கோட்டில் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்குப் பேய்க்கும் கால் வலிக்கும், அதுவும் ஏமாறும் என்று தெரிந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டு வாலிபன் சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவில் அக்டோபர் மாதம் நடத்தும் 'நைட்ஸ் ஆஃப் ஃபிரைட்' நிகழ்ச்சிக்குப் போய்வந்து, இதெல்லாம் ஒரு பயமா என்றான். அங்கே காசு கொடுத்து ஒப்பனை நடிகர்களிடம் பயப்படுகிறார்கள். பெரியவர்களுக்கு அது சரி. ஐந்து வயசுக்குத் தேவை பேயின் கோரம் அல்ல. பேயை நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்ற நிச்சயம். அது கையில் இருந்தால் எவ்வளவு பயத்தையும் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். சோற்றுக்காகப் பூச்சாண்டி காட்டிய எங்கள் தலைமுறை அந்த அதிகாரத்தைத்தான் கொடுக்க மறுத்தது.

அக்டோபர் 31, வியாழன்

எண்ணெய்க் குளியல், இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு. பதினொரு மணியிலிருந்து வீடு நிறைய ஆட்கள். சனிக்கிழமைப் பேய்கள் எல்லாம் பாவாடை சட்டை, குர்தா, பாஜு மெலாயு என்று மனித ரூபத்தில் வந்து முறுக்கைக் கையாலேயே எடுத்துத் தின்றன.

சாப்பாடு முடிந்ததும் நடைவழியில் சத்தம். எட்டிப்பார்த்தால் தரை ஓட்டுக் கோடுகளில் ஹந்து காலா. பெரியவர் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆள் பிரித்தாகிவிட்டது. கோட்டில் காவல் நின்றது அந்த ஐந்து வயசுச் சிறுமி. திடீரென்று விரலை உயர்த்தி "ச்சுப்!" என்றாள். ஓடிய பையன்கள் கொதித்தார்கள்: பேய் எப்படி ச்சுப் சொல்லலாம்? வழக்கு என்னிடம் வந்தது.

"பேய்க்கும் மூச்சு வாங்கும்ல, பாட்டி?" என்றாள்.

தீர்ப்பு அவள் பக்கம். அடுத்த வருட விதிகளில் எழுதியும் வைத்துவிட்டேன்.