வாண்டர்

அண்ணனுடைய ஸ்டுடியோவில் எல்லா கருவிகளும் திறந்துதான் கிடக்கும். தூசி பற்றி அவருக்கு அவ்வளவாகக் கவலை கிடையாது. ஆனால் ரேக்கின் கீழ்த்தட்டில் இருந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பழைய வேட்டியை மடித்துப் போர்த்தி வைத்திருப்பார். லெக்ஸிகான் 480எல். 1986இல் அமெரிக்காவில் வெளிவந்த ரிவெர்ப் இயந்திரம். அதனோடு கைக்கு அடக்கமாக ஒரு ரிமோட் வரும், லார்க் என்று பெயர். ஆறு ஸ்லைடர்கள், சிவப்பு எழுத்துக்கள். பாடகர் ஒரு வரி பாடி முடித்ததும் அண்ணனின் விரல்கள் தானாக அந்த ஸ்லைடர்களுக்குப் போய்விடும். திரையைப் பார்க்கவே மாட்டார்.

போன வருஷம் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "பெட்டிய குடுத்துடலாம்னு இருக்கேன் தம்பி. பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டணும். ஹைதராபாத்துல ஒருத்தர் கேக்கறார்."

நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவர் கையை அசைத்துத் தடுத்தார்.

"நீ கம்ப்யூட்டர்ல ப்ரோக்ராம் எழுதறவன்தானே? உள்ள இருக்கறதும் ப்ரோக்ராம்தானே? அதே சவுண்ட எடுத்துக் குடு. ரெண்டும் ஒண்ணுன்னு உன் வாயால சொல்லு, அன்னிக்கே வித்துடறேன்."

ஒரு மாதம் டைம்.

ரிவெர்ப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் நின்று ஒருதடவை கைதட்டிப் பாருங்கள். முதலில் தட்டல். அப்புறம் பக்கத்துச் சுவர்களிலிருந்து தனித்தனியாகச் சில எதிரொலிகள். பிறகு அவையெல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலந்து, எது எங்கிருந்து வருகிறதென்று பிரிக்க முடியாத ஒரு மூட்டமாக மெல்லக் கரையும். அந்த வால்தான் ரிவெர்ப். ஈரத்துணி மாதிரி உலர்ந்துபோன ஸ்டுடியோ அறையில் பாடிய குரலுக்கு அதைத் தராவிட்டால், பாடகர் நம் காதுக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும்.

1957இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் இதற்காக இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட இரும்புத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு விற்றது. ஒலியைத் தகட்டுக்குள் செலுத்தினால் அது அதிரும், அதிர்வை எடுத்துக்கொள்ளலாம். நாலு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். கிட்டத்தட்ட அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர், அறையும் வேண்டாம் தகடும் வேண்டாம், கணக்கு போதும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். 1960களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கட்டுரைகளில் இன்றைய ரிவெர்ப் ப்ரோக்ராம்களின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்து, அளவைக் குறைத்துத் திரும்ப உள்ளே விடு. இப்படிச் சில வளையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வை. இயற்கையாகக் கேட்க விநாடிக்குச் சுமார் 1000 எதிரொலிகளாவது வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்குக் கீழே போனால் காது ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் திமிராக, ஒரு மாதமெல்லாம் எதற்கு, ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன்.

முதலில் சுலபமான வழியைப் பிடித்தேன். ஓர் அறையின் ஒலியைப் 'படம்' பிடிக்கலாம். அடித் தொனியிலிருந்து உச்சத் தொனிவரை ஏறிப்போகும் ஒரு சத்தத்தை அதற்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிந்து, கணக்குப் போட்டால் அந்த அறை ஒரேயொரு தட்டலுக்கு எப்படி முழங்கும் என்ற கோப்பு கிடைத்துவிடும். பிறகு எந்தக் குரலையும் அந்தக் கோப்போடு பெருக்கிச் சேர்க்கலாம். கன்வல்யூஷன் என்பார்கள். அறைக்குப் பதில் பெட்டியைப் படம்பிடிக்க வேண்டியதுதான். இரண்டு மணி நேர வேலை.

கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "எல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா அசைய மாட்டேங்குது. செத்த மீன் மாதிரி கெடக்கு."

கோபம்தான் வந்தது. பெட்டி மேல் இருக்கும் பக்தியில் பேசுகிறார் என்று நினைத்தேன். அதை நிரூபிக்க, ஒரே குரலைப் பெட்டி வழியாக இரண்டு முறை பதிந்து, ஒன்றைத் தலைகீழாக்கி இன்னொன்றோடு கூட்டினேன். இரண்டும் ஒன்றென்றால் மிச்சம் பூஜ்யம் வரவேண்டும். வரவில்லை. மிச்சத்திலேயே ஒரு முழு ரிவெர்ப் வால் இருந்தது. பெட்டி ஒரே பாட்டுக்கு இரண்டு தடவை இரண்டு பதில் சொல்கிறது!

லார்க்கில் அண்ணன் பயன்படுத்திய ப்ரோக்ராமின் பெயர் ரேண்டம் ஹால். அதில் ஸ்பின், வாண்டர் என்று இரண்டு அளவுகள். உள்ளே இருக்கும் தாமதங்கள் நிலையாக நிற்பதில்லை, இலக்கில்லாமல் மெல்ல அலைந்துகொண்டே இருக்கின்றன. எவ்வளவு வேகமாக அலையலாம் என்பது ஸ்பின், எவ்வளவு தூரம் என்பது வாண்டர். வாண்டரைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு அதே சோதனையைச் செய்தேன். மிச்சம் முக்கால்வாசி அடங்கிவிட்டது. குரலும் உடனே செத்த மீன் ஆகிவிட்டது. கன்வல்யூஷனால் இதைப் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் இன்று கேட்டாலும் நாளை கேட்டாலும் அறை ஒரே பதிலைத்தான் சொல்லும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படையே. ஓடுகிற தண்ணீரைப் போட்டோ எடுத்துவிட்டு, ஏன் ஈரமாக இல்லை என்று கேட்ட கதை என்னுடையது.

இந்த அலைச்சல் ஏன் தேவைப்பட்டது என்பது சுவாரஸ்யமானது. லெக்ஸிகானின் ரிவெர்ப்களை வடிவமைத்த டேவிட் கிரீசிங்கர் அணு இயற்பியலில் பட்டம் பெற்றவர், இசைப்பதிவில் ஊறியவர். 1978இல் வந்த லெக்ஸிகான் 224 அவருடைய வேலை. பிளேட் ரன்னர் படத்தின் இசையில் வாஞ்செலிஸின் சிந்தசைஸர்களைச் சுற்றி நிற்கிற அந்த மழைக்காலப் புகைமூட்டம் 224இல் இருந்து வந்ததுதான். அன்றைக்கு நினைவகம் தங்க விலை. நிஜ மண்டபத்தில் இருக்கிற அளவுக்கு எதிரொலிப் பாதைகளைக் குறைந்த நினைவகத்தில் உருவாக்கவே முடியாது. இருக்கிற சில வளையங்களை வைத்து ஓட்டினால், சில தொனிகள் மட்டும் தங்கி, எவர்சில்வர் குடத்துக்குள் பேசுவதுபோல் 'ணிங்' என்று ஒலிக்கும். தாமதங்களை அசைத்துக்கொண்டே இருந்தால் எந்தத் தொனியும் ஓரிடத்தில் தங்க முடியாது, ணிங் கரைந்துவிடும். பற்றாக்குறையை மறைக்கச் செய்த வேலையை ஒரு தலைமுறையே அழகு என்று கேட்டுப் பழகிவிட்டது. நானும் அண்ணனும் உட்பட.

சரி, அல்காரிதமாகவே எழுதுவோம் என்று இறங்கினேன். பெட்டியின் உள் ப்ரோக்ராம் என் கையில் இல்லை. ஆனால் 1997இல் ஜான் டட்டோரோ ஓர் ஆய்விதழில் கிரீசிங்கரின் பாணியிலான ஒரு ரிவெர்ப்பை எண்கள் முதற்கொண்டு அச்சிட்டுவிட்டார். ரிவெர்ப் எழுத வருகிற எவரும் தடுக்கி விழுகிற முதல் படி அது. நுழைவில் நாலு டிஃப்யூசர்கள்: 142, 107, 379, 277 சாம்பிள்கள். விநாடிக்கு 29761 சாம்பிள் என்ற விசித்திரக் கணக்கில் 142 என்பது 5 மில்லிவிநாடிக்கும் குறைவு. அவை ஒலியைப் பொடிப்பொடியாக்கி உள்ளே தள்ளும். உள்ளே எட்டு வடிவில் ஒரு தொட்டி, ஒலி இடதுபக்கம் சுற்றி வலதுக்குப் போய்த் திரும்பி வரும். அதிலுள்ள மிக நீளமான தாமதம் 4453 சாம்பிள், சுமார் 150 மில்லிவிநாடி. அவ்வளவுதான். அந்தச் சின்னத் தொட்டிக்குள் ஒரு பெரிய கூடம்.

சி++இல் எழுத முந்நூறு வரிகூட ஆகவில்லை. காதுக்கு ஒத்துவர மூன்று வாரம் ஆனது. ஆபீஸ் முடிந்து வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓர் எண்ணை மாற்றி, ஒரு சொடக்கைக் கேட்டு, திரும்ப மாற்றி... ஒரு கட்டத்தில் மின்விசிறிச் சத்தத்திலேயே எனக்கு ணிங் கேட்க ஆரம்பித்தது. இதற்கிடையில், 50 டாலர் கொடுத்தால் வல்ஹல்லாவின் விண்டேஜ்வெர்ப் கிடைக்குமே, 480எல்லை அச்சு அசலாக எடுத்ததாகச் சொல்லி ரீலேப் விற்பதும் இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அண்ணன் கேட்டது ஒரு சவுண்டை. நான் செய்துகொண்டிருந்தது என்னால் முடியும் என்று காட்டுகிற வேலை. அது எனக்கே அப்போது தெரியவில்லை.

கடைசி ஞாயிறு பரீட்சை. பத்துத் துண்டுகள். ஒவ்வொன்றும் பெட்டியில் ஒருமுறை, என் ப்ளக்இன்னில் ஒருமுறை. எது எது என்று அண்ணன் சொல்லவேண்டும். அஞ்சு சரி, அஞ்சு தப்பு. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். இரண்டு இடங்களில் என்னுடையதைக் கேட்டுவிட்டு, "இது பெட்டி. இந்த மூச்சு வேற எதுலயும் வராது" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. அப்புறம் வேட்டியைத் தூக்கி மடித்து ஓரமாக வைத்தார்.

வீட்டுக்கு வந்து தூங்க முடியவில்லை. பத்துத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தவன் நான். எட்டு குரல், இரண்டு புல்லாங்குழல். தாளக்கருவி ஒன்றுகூட இல்லை. மறதியில் இல்லை. சோதித்துப் பார்த்தபோது, மிருதங்கத்தில் என்னுடையது உடனே காட்டிக்கொடுத்தது. காரணமும் தெரியும். டட்டோரோவின் வடிவம் தகட்டு வகை, அடித்த மாத்திரத்தில் அடர்த்தியாகத் தொடங்கிவிடும். பெட்டியின் ஹாலோ மெதுவாக ஊறி, எழுந்து, பிறகுதான் சரியும். நீட்டிப் பாடுகிற குரலில் அந்தத் தொடக்கம் மறைந்துபோகும். தாளத்தில் மறையாது. டெஸ்ட் கேஸில் ஃபெயில் ஆவதை மட்டும் கமெண்ட் போட்டு மறைத்துவிட்டு, எல்லாம் பாஸ் என்று ரிப்போர்ட் அனுப்புகிற ஜூனியரை நான் ஆபீஸில் என்ன பேச்சு பேசுவேன்!

காலையில் ஆறரைக்கே போன் பண்ணினேன். ஒளிக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வா" என்றார்.

போனபோது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பை இணைக்கச் சொன்னார். மைக்குக்கு முன்னால் நின்று பத்துமுறை கைதட்டிப் பதிந்துகொண்டார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நான் மாற்றி மாற்றிப் போட, ஒவ்வொன்றாகச் சொன்னார். பெட்டி. நீ. நீ. பெட்டி. பத்துக்குப் பத்து.

"குரல்ல நிஜமாவே தெரியலடா" என்றார் திரும்பாமலே. "முப்பது வருஷமா கேக்கறேன். தெரியல." அவர் குரலில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று எனக்கு இப்போதும் பிடிபடவில்லை. "குரலுக்கு இது போதும். தாளத்துக்கு வேற ஏதாவது போட்டுக்கறேன். நேத்தே சொல்லியிருக்கலாம் நீ."

"ஸாரிண்ணே."

"டீ சொல்லு."

அந்த வாரமே பெட்டி ஹைதராபாத் போனது. வேட்டியையும் சுற்றித்தான் அனுப்பினார். தொடக்கத்தில் மெதுவாக ஊறுகிற பகுதியை இப்போது தனியாக எழுதிச் சேர்த்திருக்கிறேன். கைதட்டலில் பத்துக்கு ஏழு கண்டுபிடிக்கிறார். நேற்று ராத்திரி வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார்: "தம்பி, வாண்டர முப்பதுக்கு மேல ஏத்துனா வீணைல சுருதி ஆடுது. பெட்டில ஆடாது. பாரு."

பார்த்தேன். ஆடத்தான் செய்கிறது. எல்லாத் தாமதங்களையும் ஒரே திசையில் அசைத்துக்கொண்டிருக்கிறேன். பாதியை எதிர்த்திசையில் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும்.