கோடிட்ட தாள்

திங்கட்கிழமை

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-ஆம் ஆண்டில் ஆறு நோயாளிகளின் நிலையை ஆதாரமாகக் கொண்டு வரைந்த சிறு நூலில், கைகால்கள் வசமிழந்து நடுங்கினாலும் புலன்களுக்கும் புத்திக்கும் இவ்வியாதியால் பங்கம் நேர்வதில்லை என்று எழுதிவைத்தார். அவர் பெயரையே பெற்றுவிட்ட நோயைச் சில வருஷங்களாகச் சுமந்துவரும் எனக்கு, அந்தப் பெரியவரின் வாக்கில் பாதிதான் உண்மை என்று சொல்ல அதிகாரம் உண்டு. நேற்று வந்த விருந்தினர் யார் என்று கேட்டால் மனம் வெறுமையாக நிற்கிறது, "கும்பகோணத்திலிருந்து வந்தாரே!" என்று மனைவி அடியெடுத்துக் கொடுத்ததும், அவர் பெயரும், கொண்டுவந்த வெற்றிலைக் கவுளியும், பேசிய ஊர்வம்பும் கோவையாக வந்துவிடுகின்றன. விஷயம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. வேண்டிய க்ஷணத்தில் தேடி எடுக்கும் சக்திதான் தளர்ந்திருக்கிறது. இந்நோயில் மறதி, முக்கியமாக ஆரம்ப காலத்தில், பெரும்பாலும் இத்தன்மையதே என்று வைத்தியர்களும் சொல்கிறார்கள். ஆகையால் எங்களுக்கு வேண்டுவது அடியெடுத்துக் கொடுக்க ஓர் ஆள், அல்லது ஒரு பொருள்.

புதன்கிழமை

மூளையில் குறைந்துபோன டோபமைனை ஈடுசெய்வது லெவோடோபா மாத்திரை. பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளை 1937-லேயே பிரித்தெடுத்தவர்கள் சென்னை விஞ்ஞானிகளான தாமோதரனும் ராமசாமியும் என்பதில் எனக்கு அற்ப கர்வம் உண்டு. வேளை தவறினால் உடம்பு விறைக்கும். பருப்பும் தயிருமாகச் சாப்பிட்ட வயிற்றில் போட்டாலோ மருந்து சரிவர ஏறாது. ஆதலால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே விழுங்கவேண்டும். கைபேசியில் மணி வைத்தால் போதும் என்று சொல்பவர்கள், மணியை அணைத்த கையோடு அது எதற்காக அடித்தது என்பதும் நழுவிப்போகும் என்பதை அறியார்கள். கைபேசி, மாத்திரைப் பெட்டி, தண்ணீர்ச் செம்பு மூன்றும் ஒரே மேஜையில் இருக்கவேண்டும். மணியை அணைக்கப் போகிறவன் மருந்தைக் கண்ணால் காணாமல் திரும்பக் கூடாது. 'போட்டுக்கொண்டேனா?' என்ற சந்தேகத்துக்கோ, வேளைக்கொரு அறையாகத் தடுத்த அந்தப் பெட்டியில் காலியாயிருக்கும் அறையே சாட்சி.

வெள்ளிக்கிழமை

ஞாபகத்துக்காக எழுதிவைப்பது என்றால், எழுத்தே கடுகாகச் சிறுத்துப்போவது இந்நோயின் மற்றொரு லட்சணம். வெற்றுத் தாளில் முதல் சொல் நேராகவும் கடைசிச் சொல் எறும்பு ஊர்ந்ததுபோலவும் முடிகிறது. அகலக் கோடிட்ட தாளிலோ, இந்தக் கோட்டைத் தொடு என்று கண் கைக்கு ஆணையிடுவதால் எழுத்து ஒருவாறு நிமிர்ந்து நிற்கிறது. வாசற்படியருகே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் இடத்தில் மகன் ஒட்டிவைத்த வண்ண நாடாக்களைத் தாண்டச் சொன்னால் கால் எழும்புவதும் இதே தர்மம்தான். மனத்துக்கும் கைக்கும் காலுக்கும் வெளியிலிருந்து வரும் சமிக்ஞை ஒன்றே மருந்தாவது விசித்திரம்.

ஞாயிற்றுக்கிழமை

பேத்தி சுவரெங்கும் சீட்டு ஒட்டிவிட்டாள். நாலைந்து நாளில் கண் பழகிப்போய்ச் சீட்டும் சுவராகிவிடும் என்று சொல்லி, வாசற்கதவில் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டேன். மனைவியும் "மறந்துட்டீங்களா?" என்பதை விட்டு, "தண்ணி வெச்சிருக்கேன்" என்கிறாள், காரியமும் நடக்கிறது, கௌரவமும் பிழைக்கிறது. நாளை வைத்தியரைப் பார்க்கவேண்டும். மருந்தின் வேகம் தணியும் நேரங்களைக் குறித்த தாளைச் சட்டைப் பையில் வைத்தாயிற்று. கேட்கவேண்டியவற்றை அதன் மறுபக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள். முதல் கேள்வி, தூக்கத்தில் நான் ஏன் அவளை உதைக்கிறேன் என்பது.