கட்டைவிரல் அளவு

சனிக்கிழமை சாயங்காலத்துக்கென்று எங்கள் ஊரில் ஒரு தனி வாசனை உண்டு. மறுநாள் ஞாயிறு, யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். கட்டுமரங்களெல்லாம் கரையேறிக் கிடக்கும். காய்கிற வலையின் உப்பு வாடை, குளித்துவிட்டு வருகிற ஆண்களின் சீயக்காய் வாடை, இரண்டுக்கும் மேலாகக் கோயிலிலிருந்து இறங்கி வரும் சாம்பிராணி. ஐந்து மணிக்கு ஒரு மணி அடிக்கும். பாவசங்கீர்த்தன மணி; செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் நேரம்.

அந்த மணி அடித்ததும் ஊர் ஒரு பரபரப்புக்குள் போகும். வாரத்தின் நடுவில் கடன் வாங்கிய ஒரு உழக்குச் சீனி தாள் பொட்டலத்தில் திரும்பிப் போகும். குழாயடியில் வாய்ச்சண்டை போட்டிருந்த அம்மா, பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பாள். "மதினி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க." உள்ளேயிருந்து குரல் வரும்: "நான் என்னத்த வைக்கேன். நில்லு, நானும் வாறேன்." ஐந்து நாளாகப் பேசாமல் இருந்தவர்கள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஒன்றாக நடப்பார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகிவிட்டு வா என்று மத்தேயு நற்செய்தியில் இருப்பதை நான் பெரியவனான பிறகுதான் வாசித்தேன். அதற்கு முன்பே அதை எங்கள் தெருவில் பார்த்திருந்தேன்.

கோயிலின் இடதுபக்கச் சுவரோரம் பாவசங்கீர்த்தனத் தொட்டி. பழைய மரம், உருகிய மெழுகு, சாமியாரின் மூக்குப்பொடி என எல்லாம் கலந்த ஒரு மணம். முழந்தாள் போடும் பலகை நடுவில் குழிந்திருக்கும். எத்தனை தலைமுறை முட்டியோ! ஓட்டை ஓட்டையாக இருக்கும் பலகைக்கு அப்பால் ஒரு காது மட்டும் மங்கலாகத் தெரியும். வரிசையில் நிற்கும்போதே விரல் மடக்கி எண்ணிக்கொள்வோம். அம்மாவுக்குக் கீழ்ப்படியாதது ஆறு தரம். பொய் பத்து தரம். தம்பியைக் கிள்ளியது எண்ணிக்கை இல்லை. தொகையை மறந்துவிட்டால் பின்னால் நிற்பவனிடம், "லேய், நீ பொய்க்கு எத்தனைன்னு சொல்லப்போற?" என்று கேட்டிருக்கிறோம்.

உபதேசியார் ஞானோபதேச வகுப்பில் 'சின்னக் குறிப்பிடம்' என்ற பாடப் புத்தகத்தை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார். சாவான பாவம், அற்பப் பாவம். ஒன்று ஆத்துமத்தின் உயிரைப் போக்கும், மற்றது அதை நலிவாக்கும். எங்களுக்கு அந்த 'அற்பம்' பெரிய ஆறுதல். நம்முடையது எல்லாம் அற்பம்தானே! ஒருநாள் இதை வீட்டில் வந்து சொன்னேன். ஆச்சி கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "நெத்திலியும் சின்னதுதான் மக்கா. பெட்டி நெறைஞ்சா கழுத்து ஒடியுதுல்லா?"

ஆச்சி பெட்டி சுமந்து வளர்த்த குடும்பம் எங்களுடையது. விடியலுக்கு முன் ஓலைப்பெட்டியில் நெத்திலியும் கூனியும் கட்டி, சும்மாட்டின் மேல் ஏற்றி, தேரிக்காட்டு மணல் தாண்டி உள்ளூர்களுக்குப் போவாள். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் பின்னால் போவேன். செம்மணல் காலைச் சுடுவதற்குள் முதல் ஊரை எட்டிவிட வேண்டும். காசு பாதி, நெல் பாதி. கூனிக்கு நாழிதான் அளவு. நாழியை அள்ளும்போது அவள் கட்டைவிரல் உள்பக்கம் இருக்கும். பிடிப்புக்குத்தான், எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள். ஆனால் அந்த விரல் அடைத்துக்கொண்ட இடத்தில் கூனி இல்லை.

அது பாவம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு தபசுகாலத்தில் அவளுக்கே தோன்றியிருக்கிறது. தொட்டியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். பின்னால் அவளே நடைவழியில் என்னிடம் சொன்ன கதை இது. சாமியார் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாராம். "யாருக்கு எவ்வளவு கொறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியலையே சாமி." "அப்போ எல்லாருக்கும் குடு." அன்று முதல் அவள் விரல் நாழிக்கு வெளியே வந்தது. அளந்து கொட்டிய பிறகு ஒரு கை அள்ளி மேலே போடுவாள். வியாபாரத்தில் அது பெரிய நட்டம். அப்பா முணுமுணுப்பார். அவள் காதில் வாங்கமாட்டாள்.

அற்பப் பாவங்களைத் தொட்டியில் சொல்லியே ஆகவேண்டும் என்று திருச்சபை கட்டாயப்படுத்தவில்லை. சொல்வது ஆத்துமத்துக்கு நல்லது என்கிறது, அவ்வளவுதான். ஆச்சி அந்த 'நல்லது' என்ற சொல்லைக் கட்டளையாக எடுத்துக்கொண்டவள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவள் தொட்டியில் செய்ததற்குத் தமிழில் ஒரு பழைய அச்சுப் புத்தகமே உண்டு. இந்தக் கரையில் ஊழியம் செய்து 1600-இல் இங்கேயே கண்மூடிய அண்ட்ரிக் அடிகளார், இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமான 'தம்பிரான் வணக்க'த்தை 1578-இல் கொல்லத்தில் அச்சிட்டார். இரண்டே வருடம் கழித்து, 1580-இல் கொச்சியில் 'கொம்பெசியோனாயரு' அச்சாகிறது. பாவசங்கீர்த்தனம் பண்ணுவதற்கான கையேடு. அச்சு எந்திரம் தமிழ் கற்றுக்கொண்ட உடனேயே, ஒரு மனிதன் தன் தப்பைத் தன் மொழியில் எப்படிச் சொல்வது என்பதையும் கற்றுக்கொண்டிருக்கிறது. இதை வாசித்த அன்றைக்கு எனக்கு ஆச்சியின் விரல்தான் கண்ணில் நின்றது.

அந்த நாட்களில் எல்லாமே நன்றாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அம்மா சிறுமியாக இருந்தபோது, பூசைக்குப் போகும் வழியில் தெரியாமல் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, நன்மை, அதாவது நற்கருணை, வாங்க முடியாமல் தூணோரம் நின்று அழுதிருக்கிறாள். அப்போது நன்மை வாங்குகிறவர்கள் நாவில் நள்ளிரவிலிருந்து தண்ணீரும் படக்கூடாது. 1953-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு விலக்குக் கொடுத்தார். 1957-இல் உபவாசம் மூன்று மணி நேரமானது, 1964-இல் ஒரு மணி நேரமானது. அந்தச் சிறுமியின் அழுகையை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது. யாருக்கும் எதையும் குறைக்காத ஒரு வாய்த் தண்ணீருக்கு அவ்வளவு நடுக்கம் வேண்டாம். ஆனால் கட்டைவிரல் வேறு. அதன் மறுபக்கத்தில் உலையில் கொஞ்சம் குறைவாகப் போடும் ஒரு பெண் இருக்கிறாள்.

போன வருஷம் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தொட்டி இப்போது சாமான் அறையில் நிற்கிறது. உள்ளே ஒலிபெருக்கி வயர், கை உடைந்த ஒரு குடில் இடையன், விளக்குமாறு. சாமியார் வயதில் இளையவர், அன்பானவர். பூசைக்கு முன் கால் மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கிழவிகள் போய் வந்தார்கள். பிறகு நன்மை வாங்கும் வரிசை வாசல் வரை நீள்கிறது. அதில் நானும் நிற்கிறேன். வீட்டில் உட்கார்ந்துகொண்டே போனில் "கிளம்பிட்டேன்" என்று சொன்னவன். எதிரில் இல்லாதவரைப் பற்றிப் பாதி வாக்கியம் சொல்லி, மீதியைக் கேட்பவர் ஊகத்துக்கு விட்டவன். கொத்தனாரின் கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டவன். விரலை மடக்கிப் பார்க்கிறேன், எண்ண வரவில்லை. மடித்த சீனிப் பொட்டலத்தோடு யாரும் யார் வாசலுக்கும் போகவில்லை.

கூனியும் இப்போது நெகிழித் தாளில் வருகிறது, நூறு கிராம் என்று அச்சடித்து.

தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்து வீடு, இன்றும் என் கண்ணில் நிற்கிறது. திண்ணையில் உட்கார்ந்து ஆச்சி அளக்கிறாள். நாழியைக் கவிழ்க்கிறாள். பிறகு கை நிறைய அள்ளி முறத்தில் போடுகிறாள். அந்த வீட்டம்மா முறத்தைப் பின்னுக்கு இழுக்கிறாள். "இது எதுக்கு ஆச்சி? நான் காசு குடுக்கலையே."

"இது ஒனக்குள்ளதுதான் தாயி. எங்கிட்ட கெடந்துது."

வெறும் பெட்டி என் தலைக்கு வருகிறது. மணல் சூடேறத் தொடங்கிவிட்டது. ஆச்சி முந்தானையில் நெல்லை முடிந்துகொண்டு முன்னால் நடக்கிறாள். தூரத்தில் எங்கள் கோயில் மணி கேட்கிறது. அவள் நின்று, சிலுவை போட்டு, மறுபடி நடக்கிறாள்.